ஜீப்புக்கு அடியில் ஓர் ஓணான்

மழை மறந்துபோன பாலைவனம் அது. நாக்கு வறண்ட ஓணான் ஒன்று, முள்மரத்தடியில் நின்ற ஜீப்புக்கு அடியில் நிழலுக்கு ஒதுங்கியது. உள்ளே இருவர் ஏசியை ஓடவிட்டு, நரியைப் படம்பிடிக்கக் கேமராவோடு காத்திருந்தார்கள். ஏசித் தண்ணீர் மணலில் சொட்டியது. ஓணான் பகலெல்லாம் வயிறு குளிரக் குடித்தது.

சாயங்காலம்தான் நரி மேட்டில் வந்து நின்றது. படம் கிடைத்த சந்தோஷத்தில் இருவரும் அதைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

நரி இறங்கிவந்து ஓணானிடம், “காலையிலேயே அவங்களைப் பார்த்துட்டேன். உடனே வந்தா நமக்கென்ன மரியாதை? அதான் காக்க வச்சேன்” என்றது.

ஓணான் தலையைத் தலையை ஆட்டியது.

“நீங்க நல்லா இருக்கணும் அண்ணே. நாளைக்கும் யாராவது வந்தா, அவசரப்படாம வாங்க.”