நாற்பத்திரண்டு முதுகுகள்

"இது என் முதுகுதானடா? எப்பப் படம் பிடிச்ச?"

பிலவேந்திரன் வாத்தியார் போட்டோவைச் சன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தார். இளஞ்சிவப்புத் தோல், அதில் சிவந்து தடித்த திட்டு, அதன்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில். முப்பத்தைந்து வருடமாகச் சொரியாசிஸ் இருக்கிற முதுகை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை, பாவம்.

மகன் ஜெரால்டு அமெரிக்க ஆய்வுக்கூடத்திலிருந்து லீவில் காரைக்குடி வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. சவர பிளேடு தேடி அவனுடைய பெட்டியை அப்பா திறந்து இந்தப் போட்டோவை எடுப்பார் என்று அவன் கனவா கண்டான்?

"நல்லாத்தான் எடுத்திருக்க. ஓரத்துல யாரோ கட்டைவிரலு விழுந்திருக்கு. திட்டை விடப் பெரிய விரலாவுல்ல இருக்கு!"

ஆமாம், உங்கள் முதுகுதான் என்று சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மூன்று வருடமாகச் சுமந்த பொய்யே அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"அது உங்க முதுகு இல்லப்பா. ஒரு எலியோட முதுகு."

அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, முழங்கால் திட்டுகளில் வெட்பாலைத் தைலம் தடவிக்கொண்டிருந்த அம்மா ஞானமணி நிமிர்ந்து பார்த்தாள். தினமும் காலைப் பூசைக்குப் போய்வந்ததும் அவளுக்கு இதுதான் முதல் வேலை. பூசையில் நற்கருணை அப்பம் வாங்க மட்டும் எழுந்து போக மாட்டாள். பாவம் செய்தவர்களும், வயிற்றில் எதையாவது போட்டவர்களும் அதை வாங்கக் கூடாது; விடிந்ததும் காப்பி குடித்துவிடுகிற ஆள், அதனால்தான் என்று ஜெரால்டு சின்ன வயதிலிருந்தே நினைத்திருந்தான்.

"எலிக்கு எப்படிடா என் சீக்கு வரும்?"

"நாந்தான்ப்பா வர வச்சேன். மூணு வருசம் முன்னாடி வந்தப்ப சர்க்கரை பாக்கணும்னு உங்ககிட்ட ரத்தம் எடுத்தேன்ல. சர்க்கரைக்கு இல்ல. அதுல இருந்து உங்க ஜீனைப் பிரிச்சு, எலியோட கருவுல வச்சோம். பொறந்து வளர வளர அதுகளுக்கும் உங்களை மாதிரியே வந்துருச்சு. நாப்பத்திரண்டு எலி."

"எதுக்குடா இப்படி?"

"மருந்து கண்டுபிடிக்கத்தான். உங்க உடம்புல சோதிச்சுப் பாக்க முடியாதுல்ல."

சீனி டப்பாவில் எறும்பு ஏறினால், டப்பாவை வெயிலில் வைத்துவிட்டு, அதுகளாக இறங்கிப் போகும்வரை சீனியில்லாத காப்பி குடிக்கிற மனிதர் பிலவேந்திரன். குருமடத்தில் ஆறு வருடம் படித்து, சாமியார் பட்டம் வாங்க ஒரே வருடம் இருக்கும்போது வெளியே வந்து ஞானமணியைக் கட்டிக்கொண்டவர். கல்யாணமான மூன்றாம் மாதம் முழங்கையில் ஆரம்பித்தது. 'தொடங்கிய வயது: இருபத்தாறு' என்பதுதான் ஜெரால்டின் ஆய்வு நோட்டில் முதல் வரி. அதற்குப் பிறகு, பள்ளத்தூருக்குப் பஸ் ஏறி வேலைக்குப் போன அத்தனை வருடமும், எந்த வெயிலிலும் அவர் முழுக்கைச் சட்டையைக் கழற்றியதில்லை.

"அதுகளுக்கு அரிக்குமாடா?"

"அரிக்கும்ப்பா. எந்நேரமும் சொறிஞ்சுக்கிட்டே இருக்கும்."

"ரத்தம் வருமே."

"வரும்."

பிலவேந்திரன் போட்டோவைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். "அரிப்புன்னா என்னன்னு என்னையப் பாத்து வளந்த பயடா நீ. தெரிஞ்சுக்கிட்டே குடுத்திருக்க."

குரலை உயர்த்தவில்லை. நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஜெரால்டுக்கு. ஒவ்வொரு நாளும் கூண்டைத் திறக்கும்போது அப்பா முகம்தான் ஞாபகத்துக்கு வரும் என்று சொல்ல நினைத்தான். இப்படிப்பட்ட நேரங்களில் எப்போதும் தனக்குப் பரிந்து பேசுகிற அம்மாவைப் பார்த்தான்.

அவள் பரிந்து பேசவில்லை. "ஏய்யா, அந்த எலிகளுக்கு வேற எதுனாலயும் வந்திருக்காதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நல்ல தீனி, சுத்தமான கூண்டு. ஒரு குறையும் கிடையாது. நான் வச்ச ஜீன் ஒண்ணுதான் காரணம். பழி முழுக்க என்னோடதுதான்."

"அதே ஜீன்தான் உங்கப்பாவுக்குமா?"

"அதேதான்."

"அது எப்ப வந்துச்சு அவுகளுக்கு?"

"அவுக அம்மா வயித்துல இருக்கையிலேயே வந்திருக்கும்மா."

ஞானமணியின் கை முழங்காலிலேயே நின்றுவிட்டது. பிறகு அந்த எண்ணெய்க் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வாயில்லாத ஜீவன்களுக்காக அழுகிறாள், இனி இந்த வீட்டில் நமக்கு மன்னிப்பே கிடையாது என்று ஜெரால்டு தலையைக் குனிந்துகொண்டான்.

"அழுகாதீகம்மா. நான் செஞ்சது பாவம்தான்."

அவள் மெல்ல முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப, சாமியாராப் போக வேண்டியவுகள நான் கட்டிக்கிட்டதால இந்தச் சீக்கு வரலையாய்யா?"