பூ வைக்காத நாள்

மூச்சைக்கூடப் பாதி பாதியாகத்தான் விட்டாள்.

உடைமரத்தடியில் ஒரு சிறு பள்ளம். அதற்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மேலே சருகு. முகத்தில் பூசிய செம்மண் காய்ந்து தோலை இழுத்தது. சித்திரை வெயில்.

விசில் ஊதும்வரை யார் கண்ணிலும் படாமல் கிடக்க வேண்டும். அவ்வளவுதான் இன்றைய தேர்வு.

அகப்பட்டால் மூட்டை கட்டிக்கொண்டு பழைய காவல் நிலையத்துக்கே திரும்ப வேண்டும். கமாண்டோ படைக்கு இனி விண்ணப்பிக்கவும் முடியாது. வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது.

ஓட்டத்தில் அவள் பின்தங்கவில்லை. மணல் மூட்டையைச் சுமந்து மலை ஏறினாள். கயிற்றில் உள்ளங்கை உரிந்தபோது வாய் திறக்கவில்லை. தூங்கவிடாமல் நிற்க வைத்தார்கள். நின்றாள். உடம்பு சொன்னதையெல்லாம் கேட்டது.

ஒன்றைத் தவிர.

பால் இன்னும் வற்றவில்லை.

கிளம்பிய அன்று அம்மா மல்லிகை மொட்டுகளை மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். பூ வைத்தால் பால் சுருங்கிவிடும். முகாமில் அந்த வேலையைப் பக்கத்துக் கட்டில் ரூபாவதி எடுத்துக்கொண்டாள். சமையற்கூடத்துச் சுவரோரம் ஒரு கொடி இருந்தது. விடிந்ததும் போய்ப் பறித்து வருவாள்.

“ஊரே தலையில வைக்குது. உனக்கு நான் எங்க வைக்கிறேன் பாரு” என்று சிரித்துக்கொண்டே துணியை இறுக்கிக் கட்டுவாள்.

இன்று கட்டவில்லை.

பயிற்சியாளர் ஏசுவடியான் வாடையிலேயே ஆளைப் பிடிப்பவர். சோப்பு, தேங்காயெண்ணெய், பவுடர் எதுவும் தப்பாது. முன்பு ஒருத்தியை அவள் மென்ற ஏலக்காயை வைத்தே பிடித்தாராம். மல்லிகையைக் கேட்கவே வேண்டாம்.

வேலியைத் தாண்டி வெள்ளாடுகள் உள்ளே புகுந்திருந்தன. அவளைச் சுற்றி மேய்ந்தன. ஒன்று அவள்மேல் கிடந்த தழையை இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.

எங்கோ ஒரு குட்டி தாயைத் தவறவிட்டுக் கத்தியது.

ஆட்டுக்குட்டிதான். அவளுக்குத் தெரிந்தது.

மார்புக்குத் தெரியவில்லை.

நரம்பு நரம்பாக ஏதோ இறங்கியது. கல்லாகக் கட்டியது. குத்தியது. பிறகு உடைந்து, சூடாகப் பரவியது. பனியன் நனைந்தது. சட்டை நனைந்தது.

குட்டி விடாமல் கத்தியது.

கத்தாதே என்று மனத்துக்குள் கெஞ்சினாள். நிறுத்திவிடாதே என்றும் கெஞ்சினாள்.

தேர்வான செய்தி வந்த அன்று மகள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். இவள் துள்ளிய துள்ளலில் குழந்தை குடிப்பதை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்தது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. இதுவும் பொய்யில்லை. இரண்டும் ஒரே உடம்புக்குள் எப்படி இருக்கின்றன என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் பேசலாம். கடைசியாகப் பேசியபோது அம்மா ஆறுதலாகத்தான் சொன்னாள்.

“பாப்பா இப்பல்லாம் உன்னையத் தேடுறதே இல்லடி. நீ நிம்மதியா இரு.”

பூட்ஸ் சத்தம் வந்தது. மிக அருகில் நின்றது.

“வீட்டு நெனப்பு வந்தவங்க எந்திரிச்சு வாங்கம்மா” என்றார் ஏசுவடியான், புதர்களைப் பார்த்துப் பொதுவாக. “மோர் இருக்கு. பஸ் இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள புள்ளைங்களப் பாத்துரலாம்.”

தந்திரம். ஒவ்வொரு தேர்விலும் சொல்வதுதான். எல்லோருக்கும் தெரியும்.

பொழுது சாய்வதற்குள். மகள் தூங்குவதற்கு முன்.

ஒரு இருமல் போதும். தொண்டையில் அது தயாராக இருந்தது.

அவர் மூச்சை இழுத்தார். நின்று, மறுபடியும் இழுத்தார்.

கண்டுபிடித்துவிடுங்கள் என்று நினைத்தாள்.

நினைத்துவிட்டோம் என்று தெரிந்ததும், இருமலை விழுங்கினாள்.

“ச்சே, ஒரே ஆட்டுப்பால் கவிச்சி” என்று முணுமுணுத்தார் அவர்.

கையைத் தட்டி ஆடுகளை விரட்டினார். பூட்ஸ் சத்தம் தேய்ந்து போயிற்று.

சற்று நேரத்தில் குட்டியின் குரலும் நின்றது. தாய் கிடைத்திருக்கும்.

பிறகுதான் எறும்புகள் வந்தன.

மண்ணிலிருந்து சிவப்பாக ஒரு கோடு. பொத்தான்களுக்கு இடையில் நுழைந்தது. ஈரத்தைத் தேடிச் சென்றது. வழி கேட்கவில்லை, தயங்கவில்லை.

ஒன்று கடித்தது. சரியாக அந்த இடத்தில்.

இவள் கிளம்பும் சமயத்தில்தான் மகளுக்குக் கீழ்வரிசையில் பல் முளைத்திருந்தது. கடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். இவள் முகம் சுளிப்பதைக் கண்டால் சிரிப்பாள். மறுபடியும் கடிப்பாள்.

இன்னொன்று கடித்தது.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். தோள்கள் தளர்ந்தன. பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து அவை அப்படித் தளர்ந்ததில்லை.

விசில் ஊதியது. நீளமாக.

புதர்களுக்குள்ளிருந்து ஆட்கள் எழுந்தார்கள். சருகை உதறும் சத்தம். இருமல்கள். யாரோ தண்ணீர் கேட்டார்கள். ரூபாவதி தலையில் முள்ளோடு ஓடிவந்து அவள்மேல் கிடந்த தழையை விலக்கினாள். ஏசுவடியானும் வந்தார். தாம் நின்ற இடத்தையும் அவள் கிடந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

“ஜெயிச்சாச்சும்மா. எந்திரி.”

அவள் அசையவில்லை.

எறும்புகளுக்கு ஈரம் இன்னும் மிச்சமிருந்தது.