குஞ்சம்மாள் கூட்டிவந்த நோயாளி

"தொடாதீங்க டாக்டரு! அவ கை நல்ல கையில்ல!" குஞ்சம்மாள் வாசற்படியிலிருந்தே கத்தினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். முக்காலியில் உட்கார்ந்திருந்த தனம், முழங்கைக்குக் கீழே புடைத்திருந்த கட்டியை முந்தானையால் மூடினாள்.

பெரிய மார்க்கெட்டில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மீன் பலகை. காலையில் அந்தக் கட்டியைப் பார்த்த குஞ்சம்மாள், தனத்தின் சங்கராக் கூடையை எட்டி உதைத்தாள். குஷ்டம் என்று டாக்டர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் பார் என்று மற்ற பெண்களையும் திரட்டிக்கொண்டு இங்கே இழுத்து வந்துவிட்டாள்.

டாக்டர் தலையை ஆட்டினால் தீர்ந்தது. தனத்துக்கு நாளையிலிருந்து மார்க்கெட்டில் இடமில்லை. குடிகாரப் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பலகைதான் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, உன் கையில ரத்தம் சொட்டுது" என்றாள் தனம், பேச்சை மாற்ற.

"மீன் ரத்தம்டி! கெளுத்தி ஆஞ்ச கையோட வந்திருக்கேன். உன்னுது மாதிரி அழுகப்போற கையா எனக்கு? பிரெஞ்சு பட்டாளத்து சொல்தா பென்ஷன் வாங்குற வூட்டுக்கெல்லாம் மீன் குடுக்கறவ நானு!"

டாக்டர் பஞ்சநாதன் அவளைக் கையமர்த்திவிட்டுத் தனத்தின் கட்டியைப் பிடித்தார். பக்கவாட்டில் தள்ளினால் நகர்ந்தது. மேலும் கீழும் அசைய மறுத்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"அய்யோ!" தனம் துள்ளினாள். "சுண்டுவிரல் வரைக்கும் கரண்டு அடிக்குது சார்!"

"அடிக்கட்டும், நல்லதுதான். கண்ண மூடிக்க. குத்துறப்ப சொல்லு."

ஊசி முனை விரல் விரலாகத் தொட்டது. தொட்ட இடத்திலெல்லாம் தனம் "குத்துது, குத்துது" என்று உதட்டைக் கடித்தாள்.

"தொழுநோய் இல்லம்மா. இருந்தா ஊசி குத்துறதே தெரியாது. நரம்பு உறையில வர்ற சாதாரணக் கட்டி. கேன்சரும் கிடையாது. ஆபரேஷன்ல, நுங்கு நோண்டுற மாதிரி நரம்பு அறுபடாம எடுத்துடலாம்."

தனத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

குஞ்சம்மாள் விடவில்லை. "அவ நடிக்கிறா டாக்டரு! பொழப்பு போயிடும்னு வலிக்கிற மாதிரி கத்துறா. ஒரு ஊசியக் குத்திட்டா ஆச்சா?"

"தொழுநோயாவே இருந்தாலும் என்னம்மா? மாத்திரை இருக்கு. யாரையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்ல."

"மாத்திரையாம்! அந்த வியாதி எவளுக்கு இருந்தாலும் மார்க்கெட்டுல கால வைக்கக் கூடாது. நான் பெத்த பொண்ணா இருந்தாலும் வெளக்கமாத்தால அடிச்சுத் தொரத்துவேன். என்னங்கடி சொல்றீங்க?"

"ஆமா, ஆமா" என்றார்கள் வாசலில் நின்ற பெண்கள். தனம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நேற்றுவரை அவளிடம் வெற்றிலை வாங்கிப் போட்ட முகங்கள்.

டாக்டர் வேறு ஊசி எடுத்தார். "சரி, நடிப்பா இல்லையான்னு நீயே பாத்துக்க. கைய நீட்டு. கண்ண மூடிக்கிட்டு, குத்துனதும் சொல்லு."

குஞ்சம்மாள் அலட்சியமாகக் கையை நீட்டிக் கண்களை மூடினாள். "நல்லாவே குத்துங்க. அவள மாதிரி கூப்பாடு போட மாட்டேன்."

பெண்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. தனம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் வேண்டாமென்று தலையசைத்தார்.

"என்ன டாக்டரு, எம்மா நேரம்? சட்டுனு குத்துங்க, மீனு வெயில்ல கெடக்குது!"

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குத்திக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."