ஒன்பதாவது குரல்

"அண்ணே, இன்னைக்காவது அந்தக் கதவைச் சாத்துங்களேன். எட்டுப் பாட்டுலயும் மேல டயர் கடைக்காரன் சுத்தியலால அடிச்சிட்டே இருக்கான்!"

சாம்பல் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். வீட்டில் வைத்த பேர் வேறு. ராப் பாடுகிற கூட்டத்துக்கு அவள் சாம்பல்தான்.

"அடிச்சா அடிக்கட்டும்மா. அண்டர்கிரவுண்ட் ஹிப் ஹாப்னு நீதானே சொன்ன? டயர் கடைக்கு அடியில உக்காந்து பண்றோம். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் சவுண்டு அண்ணன்.

அவள் சிரிக்கவில்லை. அவள் சிரித்து அவர் பார்த்ததும் இல்லை.

ஸ்டுடியோ என்பதெல்லாம் பெரிய வார்த்தை. பழைய சரக்கு அறை அது. முன்பக்கம் கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும். பின்பக்கம் ஒரு ஆள் நின்று பாடுகிற அளவுக்குக் குட்டி அறை. அதன் சுவரெல்லாம் பஞ்சு மெத்தையை வெட்டி ஒட்டியிருந்தார். கதவும் நல்ல கனமான கதவு. ஆனால் அதை மட்டும் சாத்தவே மாட்டார். செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருப்பார். கேட்டால், "வெளித்தாழ்ப்பாள் கெட்டுப்போச்சு, மாட்டிக்கிட்டா திறக்க வராது" என்பார். ஒலிப்பதிவு செய்கிறவர் கதவைத் திறந்துபோட்டு வேலை பார்ப்பதை எங்கே போய்ச் சொல்ல! அவர் காது அப்படிப்பட்ட காது என்பதால் எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

சாம்பலின் ஆல்பம் முழுக்க ஒரே கதை. ஒரு துணிக் கிடங்கில் தீப்பிடிக்கிறது. உள்ளே வேலை பார்த்த எட்டுப் பெண்களும் வெளியே வர முடியாமல் கருகிப்போகிறார்கள். கதவை வெளியே பூட்டிவிட்டுப் போயிருந்தான் வாட்ச்மேன். நடந்த கதைதான். பாட்டுக்கு ஒரு பெண்ணாகச் சாம்பலே பேசுகிறாள். எட்டாவது பெண் அவள் அம்மா. அந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்று சவுண்டு அண்ணன் பாதியில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஒன்பதாவது பாட்டு அந்த வாட்ச்மேனுக்கு. அன்றைக்கு ஓடியவன், யார் கையிலும் சிக்கவில்லை. அவன் குரல் இல்லாமல் ஆல்பம் வெளியே வராது என்று ஒற்றைக் காலில் நின்றாள் அவள். அம்மாவுக்காகத் தன்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்பாள்.

"என்னம்மா, வரி எழுதிட்டியா?"

"பேனாவை எடுத்தா கெட்ட வார்த்தைதான் வருதுண்ணே."

"அவனை ராட்சசனா எழுதாத. துணி திருடு போகுதுன்னு முதலாளி சாத்தச் சொல்லியிருப்பான். வயித்துப் பொழப்பு."

"அதுக்காக? உள்ள இருந்து தட்டினாங்களே, அந்தச் சத்தம் கேக்கலையா அந்தப் பாவிக்கு?"

அவர் எட்டாவது பாட்டின் கடைசிப் பகுதியை ஓடவிட்டார். பாட்டு முடிந்ததும் துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்று கரகரவென்று இழுபட்டு டக்கென்று விழுந்தது.

"நான் பூட்டுச் சத்தம்தானே கொண்டுவந்து குடுத்தேன்?"

"அது ஒட்டலம்மா. பழைய இரும்புக் கதவு, பூட்டெல்லாம் சரிவராது. தாழ்ப்பாள்தான் கரெக்ட். கேட்டுப் பாரு, உடம்பு சிலிர்க்குதா இல்லையா?"

"சிலிர்க்குதுண்ணே." அவள் கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒன்பதாவதை நீங்களே பாடுங்களேன்" என்றாள்.

"நானா? நான் வாயைத் திறந்தா மேல இருக்கிறவன் கடையைக் காலி பண்ணிட்டுப் போயிடுவான்!"

"பாட வேணாம், சும்மா பேசுங்க. வயசான ஆம்பளைக் குரல் வேணும். எனக்கு வேற யாருண்ணே இருக்கா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் மனுஷன் கரைந்துவிட்டார். அப்பா இல்லாத பெண், இப்போது அம்மாவும் இல்லை. இது கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று தோன்றியது. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுக் குட்டி அறைக்குள் போனார்.

"செங்கல்லை எடுத்துடாதம்மா."

"நீங்க ஹெட்ஃபோனை மாட்டுங்கண்ணே. எட்டாவது பாட்டைப் போடுறேன். அது முடிஞ்சதும் உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க."

மைக் உள்சுவரைப் பார்த்து இருந்தது. கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். காதுக்குள் சாம்பல் தன் அம்மாவாகப் பாடினாள். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று தவித்தார். பாட்டு முடிந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

இரண்டு தடவை விழுந்தது. ஒரு தடவை காதுக்குள். இன்னொரு தடவை முதுகுக்குப் பின்னால்.

சட்டென்று திரும்பினார். கதவு சாத்தியிருந்தது. கெட்டுப்போன தாழ்ப்பாள் வேலை செய்திருந்தது.

"அம்மா சாம்பல்! திற! விளையாடாத, மூச்சு முட்டுது! திறம்மா!" இரண்டு கைகளாலும் கதவைப் படபடவென்று அடித்தார்.

ஹெட்ஃபோனில் அவள் குரல் நிதானமாக வந்தது.

"பேப்பர்ல, கோர்ட்ல, எல்லா இடத்துலயும் பூட்டுன்னுதான் சொன்னாங்க. தாழ்ப்பாள்னு எங்கம்மா கடைசியா போன்ல எனக்கு மட்டும்தான் சொன்னா. அது எனக்குத் தெரியும், போட்டவனுக்குத் தெரியும். நல்லாத் தட்டுங்க வாட்ச்மேன் அண்ணே, ரெக்கார்டு ஓடிட்டிருக்கு. ஒன்பதாவது பாட்டுக்கு வரியே கிடையாது, இந்தச் சத்தம்தான்... பயப்படாதீங்க, முடிஞ்சதும் நான் திறந்து விடுவேன்."