எதிர்க்கடை

“இன்னும் நாலு நாள்ல கடை திறக்கணும். நீதான் கடைசி ஆள். பயப்படாம பதில் சொல்லு” என்றாள் தையல்கார அக்கா.

அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அறையில் புதுப் பெயின்ட் வாசனை. அலமாரிகள் காலி. தெருவின் அறுபது வீடுகளும் பங்கு போட்டுத் தொடங்கும் கடை. தெருவில் செய்கிற சோப்பு, மெழுகுவத்தி, துணிப்பை எல்லாம் அங்கே விற்கும். வேலையும் தெருக்காரர்களுக்கே. ஆனால் வீட்டுக்கு ஒருவருக்குத்தான்.

“பிஸ்கட் பாக்கெட்டை எலி கடிச்சிடுச்சு. என்ன செய்வே?” அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த எலக்ட்ரீஷியன் கேட்டார்.

“அந்தத் தட்டையே காலி பண்ணிடுவேன் அண்ணே. ஒண்ணைக் கடிச்சிருந்தா நாலை மோந்து பார்த்திருக்கும்.”

அக்கா சிரித்துவிட்டாள். “நான் தைக்கிற துணிப்பை விக்கலேன்னா?”

“கண்ணுக்கு நேரா வைப்பேன். கீழ்த்தட்டுல வச்சா தங்கமே விக்காது.”

எலக்ட்ரீஷியன் தொண்டையைச் செருமினார். “எதிர்க்கடையில விலையைக் குறைச்சா?”

அவள் கைக்குட்டையை மடித்தாள். “குறைப்பாங்க. ஆனா ரெண்டு மாசம் தாங்காது. இப்பவே பாதி அலமாரியில காலி டப்பாதான்.”

“பாவமா இல்லையா?” அக்கா மெல்லக் கேட்டாள்.

“பாவம்தான். ஆனா தெருச் சோப்பை வைக்க மாட்டேன்னு முறுக்கினதாலதானே இந்தக் கடையே வந்துச்சு?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரி, நாளையிலேர்ந்து வந்துடு. கல்லா உன் பொறுப்பு” என்றார் எலக்ட்ரீஷியன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

“வீட்டுக்கு ஒருத்தர்தானா அண்ணே? மாத்த முடியாதா?”

“உனக்கு மாத்தினா தெருவே வரிசையில நிக்கும்மா.”

“அப்ப எனக்கு வேணாம். அந்த வேலையை எங்கப்பாவுக்குக் குடுங்க. இப்ப நான் சொன்னதெல்லாம் அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான்.”

“அதை அவரே வந்து கேக்கலாமே?”

“எந்த முகத்தோட வருவார்?” அவள் ஜன்னலைக் காட்டினாள். “எதிர்க்கடையில காலையிலேர்ந்து ஒரே தராசைத் துடைச்சிக்கிட்டு, இந்தப் பக்கம் பார்க்காத மாதிரியே பார்த்துக்கிட்டு நிக்கிறார் பாருங்க, எங்கப்பா.”