தங்கையின் பழைய கோட்டு

“உங்கள் ரெண்டு பேரில ஆர் அக்கா?” என்று ஒருமுறை கேட்டார், அம்மாவோடு மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் மாமா ஒருவர். சுகிர்தா வகுப்பில் உயர்த்துவதுபோலக் கையை உயர்த்தினாள். அவர் நம்பாமல் சிரித்தார். அவள் நாட்டில் சண்டை நடந்த காலத்தில் பங்கர்க் குழிக்குள் பிறந்து, வளர்த்தி குன்றிப்போனவள். தங்கை ஆரபி இங்கே வந்த பிறகு பிறந்தவள். குளிர்காலம் முழுக்கச் சூரியன் தலைகாட்டாத இந்த ஊரில் அவள் மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்துகொண்டே போனாள்.

இந்த வருடம் முதல் பனி கொட்டிய காலையில், ஆரபிக்குச் சிறுத்துப்போன சிவப்புக் கோட்டை அம்மா சுகிர்தாவுக்குப் போட்டுவிட்டாள்.

“அளவெடுத்துத் தைச்ச மாதிரிக் கிடக்கு.”

சொன்ன பிறகுதான் அம்மாவுக்கே உறைத்தது. கோட்டின் சிப்பை இழுத்துப் பூட்டும் சாட்டில் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கை கொஞ்சம் நீளம் அம்மா. வளர்ந்தாச் சரிவரும்,” என்றாள் சுகிர்தா.

மேசையில் இருந்த ஆரபி பால் கோப்பையைத் தள்ளிவைத்தாள். “எனக்கு வேண்டாம்.”

“குடியடி. வளர வேணுமெல்லே.”

“அதுக்குத்தான் வேண்டாம்.”

அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை எங்கே இறங்குவதென்று தெரியாமல் நின்றது. சுகிர்தா அந்தக் கோப்பையை எடுத்துத் தங்கையின் வாயருகே பிடித்தாள்.

“குடி. நீ வளராட்டி, வாற வருசம் எனக்கு ஆர் கோட்டுத் தாறது?”

ஆரபி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். வாயைக்கூடத் துடைக்கவில்லை. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு காலை நேரத்து இருட்டுக்குள் இறங்கிப் போனாள்.