மஞ்சள் பூசிய அடியிலை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. நாற்றுப்பண்ணையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் சொன்னது.

ஒரு வீட்டுத் தொட்டியில் நின்ற கத்தரிச்செடியின் அடியிலை நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. தளதளவென்றிருந்த நுனியிலைக்கு ஒரே சிரிப்பு.

"என்ன பெரியம்மா, மஞ்சளெல்லாம் பூசியாச்சு! கல்யாணம் யாருக்கு?"

"பசிடி. தண்ணி ஊத்த வர்றவர் உன்னைத்தான் பார்ப்பார். கொஞ்சம் வாடிக் காட்டேன், உரம் வைப்பார். இல்லேன்னா உதிர்ந்துடுவேன்."

"வாடுறதா? அப்புறம் என் அழகு என்னாகிறது? சும்மா உட்கார்ந்திருந்தா பசிக்கத்தான் செய்யும். என்னைப் பாருங்க, எல்லாம் சொந்த உழைப்பு!"

அடியிலை இன்னும் கொஞ்சம் மஞ்சளாகித் தொங்கியது.

வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்ற வந்தார். நுனியிலையைத் தடவி, "செடி ஜம்முனு இருக்கு!" என்று பூரித்தார். அடியிலையைக் கிள்ளிப் போட்டார்.

பிறகு புத்தகத்தில் சரிபார்த்தேன்: தழைச்சத்து குறைந்தால், செடி அதை அடியிலையிலிருந்து உருவித்தான் நுனியிலைக்கு ஊட்டும்.